திரித்துவப் பாடத்துக்கு உறைபனி உதாரணம் வேண்டாம்

பிதா, குமாரன், பரிசுத்த ஆவியானவர் மூவரும் ஒரே கடவுள் என்பதுதான் திரித்துவம். அதை நினைவுகூரும் திரித்துவ ஞாயிறு ஈஸ்டர் கழிந்து 56ஆம் நாள் வரும். மே 17க்கு முன் வராது, ஜூன் 20ஐத் தாண்டாது. ஊட்டியில் சீசன் கூட்டம் வடிகிற சமயம். அந்த வாரம் ஓய்வுநாள் பள்ளியில் "மூணு பேர் எப்படி ஒரே கடவுள்?" என்று ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். மலையில் பாடம் எடுப்பவர் வாயில் உடனே வருவது பனிதான்.

ஊட்டியை அடுத்த தலைக்குந்தா பக்கம் ஜனவரி விடியலில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். வெயில் ஏறினால் நுனியில் சொட்டுச் சொட்டாக நீர் நிற்கும், கொஞ்ச நேரத்தில் அதுவும் ஆவியாகிவிடும். மூன்றும் ஒரே தண்ணீர் என்றால் பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும். பிடிபடுவது தப்பான உபதேசம். நீரான பிறகு அந்தப் புல்லில் பனி இல்லையே! ஒரே ஆள் காலத்துக்கு ஒரு வேஷம் போடுகிறார் என்றாகிறது. 3ஆம் நூற்றாண்டில் சபெல்லியுஸ் என்ற போதகரின் பேரில் வழங்கிய இந்தப் போதனையைச் சபை தள்ளிவிட்டது. மத்தேயு 3:16, 17ஐத் திறந்து வையுங்கள். குமாரன் யோர்தானிலிருந்து கரையேறுகிறார், ஆவியானவர் புறாவைப்போல் இறங்குகிறார், பிதா வானத்திலிருந்து பேசுகிறார். மூவரும் ஒரே வேளையில்.

டீ, பால், சர்க்கரை மூன்றும் சேர்ந்து ஒரே பானம் என்கிற உதாரணமும் ஆகாது. பிதா கடவுளில் மூன்றில் ஒரு பங்கல்ல, முழுக் கடவுள்.

பலகையில் ஒரு முக்கோணம் வரையுங்கள். மூலைக்கு ஒருவராகப் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியானவர். நடுவில் ஒரு வட்டம் போட்டு 'கடவுள்' என்று எழுதுங்கள். மூலையிலிருந்து வட்டத்துக்குப் போகும் மூன்று கோடுகளில் 'ஆவார்', மூலைகளை இணைக்கும் மூன்று கோடுகளில் 'அல்ல'. பிதா கடவுள் ஆவார், பிதா குமாரன் அல்ல என்று வாசிக்கச் சொல்லுங்கள். இடைக்கால ஐரோப்பாவிலிருந்து வழங்கிவரும் படம் இது. எப்படி என்பதை விளக்காது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று வேலி கட்டும். அந்த வயதுக்கு அது போதும்.

பெரிய பிள்ளைகளுக்கு, திடப்படுத்தல் வகுப்பில் (ஞானஸ்நானத்தில் பெற்ற விசுவாசத்தைத் தாமே அறிக்கையிட ஆயத்தப்படுத்தும் வகுப்பு), நிசேயா சங்கத்தை, அதாவது சபைத் தலைவர்கள் அங்கே கூடிய மாநாட்டைச் சொல்லியே ஆகவேண்டும். குமாரன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு வேளை இருந்தது என்றார் ஆரியுஸ் என்ற சபை மூப்பர். அதற்குப் பதிலாக 325இல் நிசேயாவில் கூடிய சங்கம், குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டது. 381இல் கொன்ஸ்தாந்திநோபிள் சங்கம் ஆவியானவரைப் பற்றிய பகுதியை விரித்தது. இது வெறும் சொற்சண்டை என்று விட்டுவிடாதீர்கள். சிலுவையில் தொங்கியவர் ஒரு படைப்பு மட்டும்தான் என்றால், கடவுள் தாமே நம்மிடம் வரவில்லை, வேறு யாரையோ அனுப்பிவிட்டுத் தூர நின்றுகொண்டார் என்றாகும். நம் இரட்சிப்பே அதில் நிற்கிறது.

'திரித்துவம்' என்ற சொல் வேதாகமத்தில் இல்லையே என்பார்கள். உண்மைதான். ஆனால் மத்தேயு 28:19ஐத் தமிழிலேயே உற்றுப் பாருங்கள்: "பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே". பேர் மூன்று சொல்லிவிட்டு, 'நாமங்களிலே' என்னாமல் ஒருமையில் 'நாமத்திலே' என்கிறது. மூலமான கிரேக்கத்திலும் ஒருமைதான்.

பிழை அதிகம் நுழைவது ஜெபத்தில். "பிதாவே, எங்களுக்காகச் சிலுவையில் மரித்தீரே, ஸ்தோத்திரம்" என்பது வீட்டு ஜெபக்கூட்டங்களில் சாதாரணமாகக் காதில் விழும். மரித்தவர் குமாரன். "பிதாவே, உம்முடைய குமாரனை எங்களுக்காகத் தந்தீரே" என்று திருத்திப் பழக்குங்கள். அதேபோல "ஆவி வந்தது, இறங்கியது" என்று அஃறிணையில் பேசினால், பிள்ளை அவரைக் கரண்ட் மாதிரி ஒரு சக்தியாக நினைத்துக்கொள்ளும். யோவான் 14:16 அவரை "வேறொரு தேற்றரவாளன்", அதாவது தேற்றுகிறவர் என்கிறது. 'வந்தார்', 'இறங்கினார்' என்றே சொல்லிக்கொடுங்கள்.

யாரிடம் ஜெபிப்பது என்று கேட்டால் எபேசியர் 2:18ஐக் காட்டுங்கள்: குமாரன் மூலமாக, ஆவியானவரால், பிதாவினிடத்தில். இயேசுவிடம் நேரே பேசுவதும் தப்பில்லை. கல்லெறியுண்ட ஸ்தேவான் "கர்த்தராகிய இயேசுவே, என் ஆவியை ஏற்றுக்கொள்ளும்" என்றுதான் கூப்பிட்டான்.