டார்க்டேபிள் 5.2, 5.3 அருகருகே: எக்ஸ்எம்பியையும் பிரித்தாயிற்று

இது 2025-இன் பிற்பகுதி நிலவரம். ஒருவழியாக, கேமராவின் ரா படங்களை எடிட் செய்யும் இலவச மென்பொருளான டார்க்டேபிளின் நிலையான 5.2-உம் உருவாக்கத்தில் இருக்கும் 5.3-உம் என் லினக்ஸ் கணினியில் அருகருகே ஓடுகின்றன. ஒன்றின் வேலையில் இன்னொன்று கை வைப்பதில்லை. நேற்று ராத்திரி வெகுநேரம் 5.3-இல் எடிட் செய்துவிட்டு, அசல் ஃபோல்டரில் இருக்கும் எக்ஸ்எம்பி ஃபைல்களை (ஒவ்வொரு படத்தின் எடிட் விவரமும் சேமிக்கப்படுவது இவற்றில்தான்), முன்பே எடுத்து வைத்திருந்த எஸ்ஹெச்ஏ256 பட்டியலோடு (ஃபைல் துளி மாறினாலும் காட்டிக்கொடுக்கும் கைரேகை மாதிரி) ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லா வரியிலும் ஓகே. அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

5.3 எனக்கு வேண்டியது ஏஜிஎக்ஸ் மாட்யூலுக்காக; படத்தின் ஒளியையும் நிறத்தையும் திரையின் வரம்புக்குள் கொண்டுவரும் கருவி அது. 2023-இல் வந்த 3டி மென்பொருளான பிளெண்டர் 4.0-இல் இயல்பாகவே அமைந்திருக்கும் அந்த முறைதான் இப்போது இங்கேயும் வந்திருக்கிறது. என்னிடம் கோயில் திருவிழா சீரியல் லைட் படம் ஒன்று உண்டு. இதே வேலைக்கான பழைய மாட்யூலான ஃபில்மிக்கில் எவ்வளவு திருகினாலும் நீல பல்புகள் தட்டையான திட்டாகவே நிற்கும். ஏஜிஎக்ஸில் பல்பின் நடுவில் வெண்மை, அதைச் சுற்றி வெளிர்நீலம், ஓரத்தில் அடர்நீலம் என்று படிப்படியாக இறங்குகிறது. இதைப் பார்த்த பிறகு, அடுத்த நிலையான வெர்ஷனான 5.4 வரும் டிசம்பர் வரை காத்திருக்க மனசு வரவில்லை. அதே சமயம், நண்பர்களுக்குக் கொடுக்க வேண்டிய படங்கள் எல்லாம் 5.2-இல் பாதி வேலையில் கிடக்கின்றன. அவற்றைப் பணயம் வைக்கவும் முடியாது.

பில்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூல நிரலைக் கிட்டிலிருந்து எடுத்து, அதோடு சேர்ந்த சப்மாட்யூல்களை மறக்காமல் இழுத்து, பில்ட் ஸ்கிரிப்டுக்கு ப்ரிஃபிக்ஸாக (நிறுவும் இடமாக) ஹோம் ஃபோல்டருக்குள் ஓர் இடம் கொடுத்தால் போதும். அங்கே வைத்தால் சூடோ (அட்மின் அனுமதி) தேவையில்லை. வேண்டாம் என்றால் ஒரே ஃபோல்டரை அழித்துவிடலாம். கம்பைல் செய்யப் பொறுமை இல்லாதவர்களுக்கு நைட்லி ஆப்இமேஜ் (தினமும் புதிதாக வரும், நிறுவாமலே ஓடும் ஒற்றை ஃபைல்) இருக்கிறது. ஆனால் அதை டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். ஆப்இமேஜும் உங்கள் வழக்கமான கான்ஃபிக் ஃபோல்டரைத்தான் தேடிப் போகும். டேட்டாபேஸை மேம்படுத்தலாமா என்று கேட்கும். சரி என்று அழுத்திவிட்டால் அந்த டேட்டாபேஸ் ஃபைலான லைப்ரரி.டிபி புது வடிவத்துக்கு மாறிவிடும், அப்புறம் 5.2 அதைத் திறக்காது. மேம்படுத்தும் முன் அதுவே ஒரு நகல் எடுத்து வைக்கும் என்பது ஆறுதல்தான், ஆனாலும் அந்த வேலையே நமக்கு வேண்டாம்.

அதனால் கான்ஃபிக்டிர், கேஷ்டிர் இரண்டு ஆப்ஷன்களையும் கொடுத்து, 5.3-க்கு என்று தனி ஃபோல்டர்கள். கேஷையும் ஏன் பிரித்தேன் என்றால், கிராஃபிக்ஸ் கார்டில் ஓடும் ஓப்பன்சிஎல் கெர்னல்கள் கம்பைல் ஆகி உட்காருவது அங்கேதான். இரண்டு வெர்ஷன்களும் அதில் மாறி மாறி எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

பல பேர் இதோடு பிரித்தாயிற்று என்று நிறுத்திவிடுகிறார்கள். பிரச்சினை தொடங்குவதே இதற்குப் பிறகுதான். எடிட் விவரம் டேட்டாபேஸில் மட்டும் இருப்பதில்லை; ரா ஃபைலுக்குப் பக்கத்திலேயே எக்ஸ்எம்பியாகவும் இருக்கிறது. கான்ஃபிக் வேறாக இருந்தாலும், இரண்டு வெர்ஷன்களும் ஒரே ஃபோல்டரைத் திறந்தால் ஒரே எக்ஸ்எம்பியில்தான் எழுதும்.

ஓர் எக்ஸ்எம்பியை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள். ஹிஸ்டரியின் ஒவ்வொரு படிக்கும் ஒரு பதிவு: மாட்யூலின் பெயர், அது ஆனில் இருக்கிறதா, மாட்யூலின் வெர்ஷன் எண், அப்புறம் சுருக்கிக் குறியாக்கிய அளவுருக்கள். 5.3 அதில் ஏஜிஎக்ஸ் என்று ஒரு பதிவு சேர்த்துவிட்டால், 5.2-க்கு அப்படி ஒரு மாட்யூலே தெரியாது. அந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடும். அதன் பிறகு 5.2-இல் வெள்ளைச் சமநிலையை லேசாக நகர்த்தினால்கூடப் போதும், எக்ஸ்எம்பி ஏஜிஎக்ஸ் இல்லாமலே திரும்ப எழுதப்படும். படம் சற்று வேறு மாதிரி தெரியும், அவ்வளவுதான். பல படங்கள் கடந்த பிறகுதான் கண்ணில் படும். அதனால்தான் இந்த ஒரு படியில் இவ்வளவு மெனக்கெட்டேன்.

5.3-இன் அமைப்புகளில் எக்ஸ்எம்பி எழுதுவதை 'ஒருபோதும் வேண்டாம்' என்று வைத்துவிடலாம். பாதுகாப்பான வழிதான். ஆனால் எனக்கு அது மட்டும் போதவில்லை. அப்படி வைத்தால் 5.3-இல் செய்த எடிட்கள் அதன் டேட்டாபேஸில் மட்டுமே இருக்கும். உருவாக்கத்தில் இருக்கும் வெர்ஷனின் டேட்டாபேஸை நம்பி ராத்திரி முழுக்க உழைப்பது எனக்குச் சரிப்படாது.

நான் போன வழி ரெஃப்லிங்க்; மாற்றம் வரும்வரை அசலோடு இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் நகல் அது. என் படங்கள் இருப்பது இதற்கு இடம்கொடுக்கும் பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் உள்ள டிஸ்க்கில். சிபி கமாண்டில் ரெஃப்லிங்க் ஆப்ஷன் கொடுத்து, சோதனைக்கு வேண்டிய ஃபோல்டர்களை மட்டும் வேறு இடத்துக்கு நகல் எடுத்தேன். ரா ஃபைல்கள் கூடுதலாக இடமே பிடிக்கவில்லை. எதில் எழுதுகிறோமோ அது மட்டும் பிரிந்துகொள்ளும். 5.3 அந்த நகலில் மட்டும் வேலை செய்கிறது, எக்ஸ்எம்பியும் தாராளமாக எழுதுகிறது. எக்ஸ்எஃப்எஸ்ஸிலும் இது நடக்கும். இஎக்ஸ்டி4 வைத்திருப்பவர்கள் ரா ஃபைல்களுக்கு ஹார்ட்லிங்க் போடலாம், ஏனென்றால் டார்க்டேபிள் ராவைத் தொடாது. எக்ஸ்எம்பிக்கு மட்டும் கண்டிப்பாக நிஜ நகல் எடுங்கள். ஹார்ட்லிங்க் என்பது ஒரே ஃபைலுக்கு இரண்டு பெயர். அதில் பிரிவினை எதுவும் இல்லை.

சின்ன வேலைகள் இரண்டு. 5.3-க்கான டெஸ்க்டாப் ஃபைலில் மைம்டைப் வரியை (எந்த வகை ஃபைல்களைத் திறக்கும் என்று சொல்வது) எடுத்துவிட்டேன். இனி ஃபைல் மேனேஜரில் ராவைத் தட்டினால் 5.3 தானாக வந்து நிற்காது. அப்புறம் அதன் தோற்றத்தை மாற்றும் ஃபைலான யூசர்.சிஎஸ்எஸ்ஸில், எந்த வெர்ஷன் என்று பார்த்ததும் தெரிய, மேல்பட்டையை மட்டும் கரும்பச்சை ஆக்கினேன். முழுப் பின்னணியையும் மாற்றினால் அழகாக இருக்கும்தான், ஆனால் படத்தைச் சுற்றி நடுநிலைச் சாம்பல் இல்லாவிட்டால் கண் நிறத்தைத் தப்பாக எடைபோடும்.

நிலையான வெர்ஷனை எங்கே வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: லினக்ஸ் டிஸ்ட்ரோ களஞ்சியங்களில் பெரும்பாலும் பழையதுதான் கிடைக்கும். ஓப்பன்சூசேயின் பில்ட் சர்வீஸில் நிலையானதும் மாஸ்டரும் (உருவாக்கத்தில் இருப்பது) தனித்தனியாக, பல டிஸ்ட்ரோக்களுக்குக் கிடைக்கின்றன. ஃப்ளாட்பேக்கும் நல்லதே, அதன் கான்ஃபிக் தானாகவே தனி இடத்துக்குப் போய்விடும்.

அடுத்து, ஒரே ராவையும் ஒரே எக்ஸ்எம்பியையும் இரண்டு வெர்ஷன்களின் டார்க்டேபிள்-சிஎல்ஐக்கும் (கமாண்ட் வரியில் ஓடும் வடிவம்) கொடுத்து, வரும் படங்களை இமேஜ்மேஜிக்கில் ஒப்பிட ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய எடிட் புது வெர்ஷனில் இம்மி பிசகினாலும் தெரிந்துவிட வேண்டும். அது முடிந்தால், டிசம்பரில் 5.4 வந்ததும் 5.2-இன் லைப்ரரியை மேலேற்றிவிட்டு, சோதனை ஃபோல்டரில் தேறிய எக்ஸ்எம்பிகளை மட்டும் அசல் ஃபோல்டருக்குக் கொண்டுவருவேன். தொடக்கத்திலேயே புதிய எக்ஸ்எம்பிகளைத் தேடும் அமைப்பை ஆன் செய்தால், எதை ஏற்பது என்று அதுவே பட்டியல் போட்டுக் கேட்கும். சீரியல் லைட் படம் அந்தப் பட்டியலில் முதலில் போகும்.