மண்டபம் ஊரில் கிளினிக் போட்டபோது டென்டல் சேர் வாங்கிய அனுபவம்

கடலோரத்தில் பல் மருத்துவமனை வைக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மதுரையில் கிளினிக் வைக்கிறவர்கள் சேரைப் பார்த்துச் சேர் வாங்கினால் போதும். மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி பக்கம் என்றால் முதலில் உப்புக்காற்று, அப்புறம் தண்ணீர், அப்புறம் ரிப்பேருக்கு யார் வருவார் என்பது, இந்த மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் சேரிடம் போக வேண்டும்.

எங்கள் ஊருக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக்காற்று அடித்தாலும் கச்சான் காற்று அடித்தாலும் உப்பு உள்ளே வந்துவிடும். அதனால் விலைப்பட்டியல் கேட்பதற்கு முன்பே, இந்தக் கரையில் ஏற்கெனவே கிளினிக் நடத்தும் சீனியர்களிடம் போய், "அண்ணே, சேரோட அடி மூடியைக் கழற்றிக் காட்டுங்களேன்" என்று கேட்டேன். ராமேஸ்வரத்தில் ஒருவர் சலிக்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். மேலே பார்த்தால் புதுசு மாதிரி பளபளப்பு. உள்ளே டார்ச் அடித்தால் திருகாணித் தலைகள் எல்லாம் துரு, வயர்கள் சேரும் இடத்தில் செம்பு முனையில் பச்சைக் களிம்பு. சேர் பாதியில் நின்றுவிடுகிறது என்று அவர் அடிக்கடி ஆள் கூப்பிட்டதற்குக் காரணம் மோட்டார் இல்லை, அந்தக் களிம்புதான். அன்றிலிருந்து எந்த ஷோரூமுக்குப் போனாலும் அடி மூடியைத் திறக்கச் சொல்லித்தான் பேச்சே ஆரம்பித்தேன். இரும்புச் சட்டத்துக்குப் பவுடர் கோட்டிங் வெல்டிங் மூலை வரை போயிருக்கிறதா, போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா, எலக்ட்ரானிக் போர்டுக்குத் தனி மூடி இருக்கிறதா என்று பாருங்கள். திறந்து காட்டத் தயங்குகிற இடத்தில் வாங்க வேண்டாம்.

தண்ணீர் விஷயம் இன்னும் பெரியது. எங்கள் போர் தண்ணீரில், கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் 2,000-க்கு மேல் காட்டும். அதை அப்படியே சேருக்குக் கொடுத்தால் பல்லைக் குடையும் ஏரோட்டார், பல் காரை எடுக்கும் ஸ்கேலர் முனையில் எல்லாம் வெள்ளையாக உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும், கரண்டில் திறந்து மூடும் சொலினாய்டு வால்வு ஒவ்வொன்றாகப் போகும். காவிரிக் குடிநீர் வருகிற நாளில் பிடித்து வைக்கத் தனித் தொட்டி கட்டி, எச்சில் தொட்டிக்கும் டம்ளர் நிரப்பும் குழாய்க்கும் அதைக் கொடுத்திருக்கிறேன். நோயாளியின் வாய்க்குள் போகிற தண்ணீருக்குச் சேரிலேயே தனி பாட்டில் வேண்டும். இது கட்டாயம், பேரம் பேச வேண்டாம். பாட்டிலில் உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுகிறோம், இரவு காலி செய்து காய வைக்கிறோம். மெல்லிய குழாய்க்குள் தண்ணீர் தேங்கினால் உள்சுவரில் கிருமிகள் வழுவழுப்பாகப் படலம் கட்டிவிடும், அதனால் காலையிலும் ஒவ்வொரு நோயாளிக்கு நடுவிலும் கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட வேண்டும். கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு டிஸ்டில்ட் வாட்டர்தான்.

காற்றை அழுத்தித் தருகிற கம்ப்ரஸரில் காசு மிச்சம் பிடிக்கிறவர்கள் அதிகம். ஏரோட்டார் நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது, அதைச் சுற்றவைப்பது காற்றுதான். எண்ணெய் போடும் கம்ப்ரஸர் விலை குறைவு. ஆனால் காற்றோடு கொஞ்சம் எண்ணெய் வந்து பல்லில் படிந்தாலும் பல் நிறத்தில் வைக்கிற கலர் அடைப்பு சரியாக ஒட்டாது, கொஞ்ச நாளில் பெயர்ந்துவிட்டது என்று நோயாளிகள் வந்து நிற்பார்கள். ஆயில் ஃப்ரீ மட்டும் வாங்குங்கள். இந்த ஊர் ஈரக்காற்றில் டேங்க் அடியில் நாள்தோறும் தண்ணீர் சேரும். கிளினிக் மூடும்போது அடியில் உள்ள திருகைத் திறந்தால் பழுப்பு நிறத்தில் பீய்ச்சியடிக்கும். அந்த ஈரம் ஏரோட்டாருக்குள் போனால் பேரிங் துருப்பிடித்துப் போச்சு. டேங்க் உள்பக்கம் கோட்டிங் உள்ளதா என்று கேளுங்கள், லைனில் ஈரம் பிடிக்கும் ஃபில்டர் போடச் சொல்லுங்கள்.

சரி, சேர். எனக்கு வந்த கொட்டேஷன்கள் ஒன்றரை லட்சத்தில் தொடங்கி ஐந்து லட்சத்தைத் தாண்டிப் போயின. சேரை ஏற்றி இறக்குவது எண்ணெய் அழுத்தமா (ஹைட்ராலிக்) மோட்டாரா என்ற கேள்விக்கு நான் மோட்டார் என்று முடிவு செய்தேன், எண்ணெய்க் கசிவுத் தொல்லை இல்லை. மெத்தையில் தையல் இல்லாத வகை எடுங்கள். தையல் இடுக்கில் வியர்வையும் ரத்தமும் இறங்கினால் துடைத்து எடுக்க முடியாது. மதுரை ஷோரூமுக்கு அம்மாவையும் கூட்டிப்போனேன், அவருக்கு முட்டிவலி. பெரிய திரை வைத்த ஒரு சேரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, இம்புட்டு உசரமா இருக்கு, காலு எட்டலயே" என்றார். அந்தச் சேர் எவ்வளவு இறங்குமோ அவ்வளவு இறக்கியிருந்தார்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அம்மா வயதுதான், அதனால் அதை விட்டுவிட்டு நன்றாகக் கீழே இறங்குகிற, திரை கிரை எதுவும் இல்லாத சேரையே எடுத்தேன்.

விற்பனையாளர் லைட், கேமரா என்று அடுக்கிக்கொண்டே போவார். நீங்கள் கேட்க வேண்டியது, "சர்வீஸ் ஆள் எங்கிருந்து வருவார், எத்தனை நாளில் வருவார், வாரண்டியில் போர்டும் வால்வும் சேருமா?" மதுரையிலிருந்து மண்டபம் வர மூன்று மணி நேரம் ஆகும், போன் போட்டதும் வந்துவிடுவோம் என்பதை நம்ப முடியாது. எழுதி வாங்குங்கள். காலால் மிதிக்கும் ஃபுட் கண்ட்ரோல், ஒரு வால்வு, கொஞ்சம் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) இவற்றை ஸ்பேராக வாங்கி வையுங்கள். பாதிப் பணம் முன்பணம், மீதியில் பத்து சதவீதத்தைச் சேர் ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு தருகிறேன் என்று நான் சொன்னதற்கு முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு ஒத்துக்கொண்டார்கள்.

டைல்ஸ் போடுவதற்கு முன்பே கம்பெனியிடம் தரை அளவுப் படத்தை வாங்கிவிடுங்கள். காற்று, தண்ணீர், கழிவுக் குழாய், கரண்ட் நான்கும் எங்கே எழும்ப வேண்டும் என்று அதில் இருக்கும், கழிவுக் குழாய்க்குச் சரிவு சரியாக இருக்கிறதா என்று ஒரு வாளி ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும். எக்ஸ்ரே வைக்கிற எண்ணம் இருந்தால் ஏ.இ.ஆர்.பி. (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) பதிவு தேவை, அதற்கான இடத்தையும் அப்போதே ஒதுக்கிவிடுங்கள். நான் பக்கத்து அறையிலும் நான்கு குழாய்களையும் இழுத்து மூடி வைத்திருக்கிறேன், இரண்டாவது சேர் வாங்கும்போது தரையை உடைக்க வேண்டியதில்லை.