ஓசோன் படலமும் வரலாற்று வகுப்பும்

ஐ.பி. (இன்டர்நேஷனல் பக்கலோரியேட்) என்னும் பன்னாட்டுப் பள்ளிக் கல்வித் திட்டத்தின் டிப்ளோமாவுக்குரிய ஆறு பாடங்களைத் தெரிவு செய்தபோது, வரலாற்றை உயர்நிலையிலும் 'சுற்றுச்சூழல் தொகுதிகளும் சமூகங்களும்' என்னும் பாடத்தைப் பொதுநிலையிலும் எடுத்தேன். முன்னதற்கு 240 மணி நேரமும் பின்னதற்கு 150 மணி நேரமும் கற்பித்தலுக்கென வகுக்கப்பட்டிருந்தன. சுற்றுச்சூழல் பாடத்தை அன்று உயர்நிலையில் கற்க இயலாது; 2024இல் அந்த வழி திறக்கப்பட்டதை அறிந்து மனமார மகிழ்ந்தேன்.

மனிதவியல் பிரிவுக்கும் அறிவியல் பிரிவுக்கும் பொதுவாக அமைந்த பாடம் அது. அந்தப் பொதுத்தன்மையின் பொருள், ஓசோன் படலத்தைப் பற்றிப் படித்த வாரத்தில்தான் எனக்கு விளங்கியது. குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கை அடைந்து, புற ஊதாக் கதிரால் சிதைந்து, குளோரின் அணுக்களை வெளிவிடுகின்றன என்பதையும், ஒரே அணு ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்க வல்லது என்பதையும் ஆசிரியை கரும்பலகையில் படிப்படியாக எழுதிக் காட்டினார். வேதியியலாளர்களான மொலினாவும் ரோலண்டும் இந்த ஆபத்தை 1974இலேயே எடுத்துரைத்திருந்தனர். அப்படியானால் இந்த வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையொப்பமாக 1987 வரை ஏன் காத்திருக்க வேண்டியிருந்தது என்று கேட்டேன். வேதியியல் சமன்பாட்டில் அதற்கு விடை இல்லை என்றும், அக்கேள்வியை வரலாற்று வகுப்புக்கு எடுத்துச் செல்லும்படியும் அவர் கூறினார்.

வரலாற்று வகுப்பில் ஒவ்வோர் ஆவணத்தையும் எழுதியவர் யார், எந்த நோக்கத்தோடு எழுதினார், அதனால் அதன் மதிப்பும் வரம்பும் யாவை என்று கேட்டே வாசிக்கப் பழகியிருந்தோம். உற்பத்தி நிறுவனங்களின் அறிக்கையையும் அறிவியலாளரின் கட்டுரையையும் அதே கேள்விகளோடு அருகருகே வைத்துப் படித்தபோது, நான் பெற்ற கல்வியிலேயே மிகப் பயனுள்ள பழக்கம் இதுதான் என்று உணர்ந்தேன்; இன்றும் அந்த எண்ணம் மாறவில்லை.

இரு பாடங்களையும் இணைத்து எழுத இடமளித்த 'உலக ஆய்வுகள்' பிரிவில், டிப்ளோமாவுக்காக எழுத வேண்டிய, 4,000 சொற்களுக்கு மிகாத விரிவுக் கட்டுரைக்கு இதையே பொருளாக்கினேன். முதல் வரைவில் 1985இல் அண்டார்க்டிகா மேலே கண்டறியப்பட்ட ஓசோன் துளையையும் அதன்பின் உலகம் ஒன்றுபட்டதையும் உணர்ச்சி பொங்க எழுதியிருந்தேன். வரலாற்று ஆசிரியர் அதன் ஓரத்தில் பென்சிலால், "தொடக்கத்தில் சேராதவர் யார்?" என்று மட்டும் குறித்திருந்தார்.

தேடிப் பார்த்தபோது, சீனா 1991இலும் இந்தியா 1992இலுமே சேர்ந்தன என்று தெரிந்தது. கட்டுப்பாடுகளை நிறைவேற்ற வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டுக் கால அவகாசம் உடன்படிக்கையில் முன்பே இருந்தது. மாற்றுத் தொழில்நுட்பத்துக்கான செலவை ஈடுசெய்யும் நிதியத்துக்கோ 1990 லண்டன் கூட்டத்தில்தான் வழி பிறந்தது. உலகம் ஒன்றுபட்டது என்ற என் வாக்கியத்துக்குள் எவ்வளவு பேரமும் எவ்வளவு நியாயமான தயக்கமும் மறைந்திருந்தன என்பதைக் கண்டு, எழுதியதில் பாதியை நீக்கிவிட்டு, லண்டன் கூட்டத்திலிருந்து மீண்டும் எழுதத் தொடங்கினேன்.