மரநாய ராத்திரில போட்டோ எடுத்த கதை, பிளாஷ் பத்தி நான் கத்துக்கிட்டது

மரநாய் பகல்ல மரப்பொந்துல தூங்கிட்டு இருட்டினப்புறம்தான் கீழ இறங்கும், அதனால அத படம் எடுக்கணும்னா வெளிச்சத்த நாமதான் கொண்டு போகணும். ஒரு ஒத்தையடிப் பாதையில கல்லு மேல பழக்கொட்டை நிறைய கலந்த எச்சம் அடிக்கடி கெடக்கறத பாத்துட்டுதான் இங்க வருதுன்னு தெரிஞ்சுது, நிலத்துக்காரர்கிட்ட அனுமதி வாங்கிட்டு வேலைய ஆரம்பிச்சேன். முழுசா முடிய நாலு மாசம் ஆச்சு.

மொதல்ல செஞ்சது பெரிய தப்பு. கேமரா மேலயே பிளாஷ மாட்டி ஃபுல் பவர்ல வெச்சுட்டேன். ரெண்டாவது ராத்திரியே வந்துச்சு, ஆனா படத்துல கண்ணு ரெண்டும் பல்பு மாதிரி எரியுது, முகம் தட்டையா வெளுத்துப் போச்சு. ராத்திரி நடமாடுற நிறைய மிருகங்களுக்கு விழித்திரைக்குப் பின்னாடி கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கு, உள்ள வர்ற கொஞ்ச வெளிச்சத்தையும் திருப்பி அனுப்பி ரெண்டாவது வாட்டி பாக்க உதவுறதுக்காக. பிளாஷ் லென்ஸுக்கு பக்கத்துல இருந்தா அந்த வெளிச்சம் நேரா நம்மகிட்டயே திரும்பி வந்துரும். அது கூட பரவால்ல, என்ன உறுத்துனது என்னன்னா அதுக்கப்புறம் 11 நாள் அது அந்தப் பக்கமே வரல.

அந்த 11 நாள்லதான் உக்காந்து படிச்சேன். இருட்டுல பாக்க உதவுற செல்கள்ல இருக்குற நிறமி பலமான வெளிச்சம் பட்டா சிதைஞ்சுரும், மனுஷனுக்கே அது முழுசா பழைய நிலைக்கு வர அரை மணி நேரம் பக்கம் ஆகுது. கண்ண நம்பி இருட்டுல வாழுற ஒரு பிராணிக்கு நாம பண்றது சாதாரண விஷயம் இல்ல. ஜார்ஜ் ஷிராஸ்னு ஒரு அமெரிக்கர், வேட்டைய விட்டுட்டு கேமரா எடுத்தவர், படகு முன்னாடி விளக்கு வெச்சுக்கிட்டு போய் மெக்னீசியம் பவுடர வெடிக்க வெச்சு மான்கள படம் எடுத்தாரு, 1906 ஜூலை நேஷனல் ஜியாகரபிக்ல அவரோட 74 படம் வந்துச்சு. அந்த சத்தத்துக்கும் புகைக்கும் மிருகங்க என்ன பாடுபட்டிருக்கும்னு அந்த படங்கள பாக்கறப்ப எனக்கு தோணாம இல்ல. இப்ப நம்ம கையில சென்சிட்டிவிட்டி அதிகமான கேமரா இருக்கு, அவ்வளவு வெளிச்சம் தேவையே இல்லயே.

அதனால செட்டப்ப மொத்தமா மாத்துனேன். ஐஎஸ்ஓவ, அதாவது கேமராவோட வெளிச்ச சென்சிட்டிவிட்டி அளவ, 100ல இருந்து 1600க்கு ஏத்துனா அதே படத்துக்கு பிளாஷ் வெளிச்சம் பதினாறுல ஒரு பங்கு போதும். அப்புறம் பிளாஷ கிட்ட கொண்டு வரணும், தூரம் பாதியானா வெளிச்சம் நாலு மடங்கு கூடும். என் பிளாஷ ரெண்டரை மீட்டர்ல வெச்சு எஃப் 8 (லென்ஸ் திறப்போட அளவு), ஐஎஸ்ஓ 1600ல பவர ஃபுல் பவர்ல 1/64 பங்குக்கு இறக்கினாலே போதுமா இருந்துச்சு. பவர் குறையறப்ப பிளாஷ் அடிக்கிற நேரமும் ரொம்ப சுருங்கிரும், அதனால நடந்துக்கிட்டு இருக்குற மரநாயோட மீசை முடி கூட ஆடாம வரும். ரெண்டு பிளாஷ், ஒண்ணு பக்கவாட்டுல உயரமா, இன்னொண்ணு பின்பக்கம் மரத்து மறைவுல உடம்போட ஓரத்த மட்டும் காட்டறதுக்கு, ரெண்டுமே கண்ணுக்கு நேரா இல்லாம. ஃபோகஸ பகல்லயே கல்லு மேல ஒரு குச்சிய வெச்சு மேனுவலா செட் பண்ணிட்டு லென்ஸ் வளையத்த டேப் போட்டு ஒட்டிட்டேன்.

இதுக்கப்புறமும் ஒரு வாரம் வெறும் கருப்பு படம். நான் பக்கத்துல இல்லாதப்ப படம் எடுக்க கேமராவோட மாட்டியிருந்த சென்சார் உடம்புச் சூட்டோட அசைவ பாத்து ஷட்டர அடிச்சுருது, ஆனா பிளாஷ் தூங்கிப் போய் எழுந்திரிக்கிறதுக்குள்ள மிருகம் போயிருது. மெனுல ஆட்டோ ஆஃப நிறுத்துனதும் சரியாச்சு, பேட்டரிதான் சீக்கிரம் தீந்துச்சு, அதுக்கு ரெண்டு நாளைக்கு ஒரு வாட்டி போய் மாத்த வேண்டியிருந்துச்சு. பனிக்கு லென்ஸ் மங்கிப்போன ராத்திரிகளும் உண்டு, கேமரா டப்பாக்குள்ள ஈரத்த உறிஞ்சுற சிலிக்கா ஜெல் போட்டதுல கொஞ்சம் குறைஞ்சுது.

இதுல ஒண்ண மட்டும் யாரும் விட்டுரக் கூடாதுன்னு கெஞ்சி கேக்கறேன். கொஞ்சம் தள்ளி 940 நானோமீட்டர் அலைநீள இன்ஃப்ராரெட் (கண்ணுக்குத் தெரியாத) வெளிச்சத்துல ஓடுற வீடியோ கேமரா ஒண்ணு வெச்சேன், 850ல மங்கலா ஒரு சிவப்பு தெரியும், 940ல அது தெரியாது, என்ன, தூரம் கொஞ்சம் கம்மியாதான் எட்டும். பிளாஷ் அடிச்சப்ப மிருகம் என்ன பண்ணுதுன்னு அதுல தெரியும், படத்த மட்டும் வெச்சு அத கண்டுபிடிக்கவே முடியாது, ஏன்னா படம் பிளாஷ் அடிக்கிற அந்த நொடியோட முடிஞ்சுருது. 1/32ல அடிச்சப்ப அப்படியே உறைஞ்சு நின்னு பின்வாங்கி போச்சு, 1/64க்கு இறக்கி மேல மெல்லிசா வெளிச்சத்த பரப்பி மென்மையாக்குற டிஃப்யூசர் துணி போட்டப்ப காத மட்டும் திருப்பிட்டு நடந்துச்சு. தொடர்ச்சியா அடிக்காம ஒரு படத்துக்கு அப்புறம் 3 நிமிஷம் சென்சார் வேலை செய்யாத மாதிரியும் வெச்சேன். பொந்து வாசல்லயோ குட்டி இருக்குற எடத்துலயோ இத வைக்கவே மாட்டேன்.

நாலாவது மாசம் ஒரு ராத்திரி 2 மணிக்கு வந்துச்சு. முன்னங்கால கல்லு மேல வெச்சு தலைய லேசா தூக்கி மோப்பம் புடிக்குது, முதுகு ரோமத்துல பின் வெளிச்சம் கோடு போட்ட மாதிரி, கண்ணு கருப்பா ஈரமா. எனக்கு வேண்டியிருந்த படம் அதுதான். வீடியோவ ஓட்டிப் பாத்தேன், பிளாஷ் அடிச்சப்புறமும் அது ஒரு நிமிஷத்துக்கு மேல அதே கல்லுல மோந்துக்கிட்டு இருந்துச்சு. காலைல போய் பாத்தா கல்லு மேல புதுசா எச்சம் கெடந்துச்சு, அன்னிக்கே கேமரா பிளாஷ் எல்லாத்தையும் கழட்டி எடுத்துட்டு வந்துட்டேன்.