8 பாட்டு, 14 மாதம்: எங்கள் மெட்டல் ஆல்பம் உருவான விதம்

பிரிட்டிஷ் மெட்டல் இசைக்குழுவான பிளாக் சப்பாத் தங்கள் முதல் ஆல்பத்தை 1969 அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில் பதிவு செய்து முடித்தார்கள். எங்களுக்கு 14 மாதம் ஆனது. 8 பாட்டு, 41 நிமிடம், ஐந்து பேர் பங்கு போட்டுக்கொண்ட சுமார் 1,80,000 ரூபாய். நான் ரிதம் கிட்டார். தமிழில் மெட்டல் பாடி ஆல்பம் போட நினைக்கும் தம்பி தங்கைகள் யாராவது இருந்தால் அவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்கு இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல ஆள் இல்லை.

பெரம்பூரில் ட்ரம்மர் வீட்டு மொட்டைமாடி அறையில்தான் ஒத்திகை. ஜன்னலை மெத்தை வைத்து அடைத்திருந்தோம். மேடையில் இந்தப் பாட்டுகளைப் பலமுறை வாசித்தாகிவிட்டது, ஸ்டுடியோவில் போய் அப்படியே வாசித்தால் போதும் என்று நம்பினோம். தாளம் பிசகாமல் 'டிக் டிக்' என்று அடிக்கும் கிளிக் ட்ராக் காதில் விழுந்த முதல் பத்து நிமிடத்திலேயே அந்த நம்பிக்கை போய்விட்டது. மேடையில் ஒவ்வொரு பாட்டும் பல்லவி வரும்போது எங்களை அறியாமல் வேகமெடுத்து ஓடியிருக்கிறது. அந்த ஓட்டம் கூட்டத்துக்குப் பிடிக்கும், பதிவில் அது கிட்டாரையும் ட்ரம்ஸையும் பிரித்துவிடும். வாடகை கொடுத்த அறையை விட்டு வெளியே வந்து இரண்டு மாதம் வெறும் கிளிக்கோடு பழகினோம்.

எங்கள் வேகமான பாட்டு 200 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 200 பீட். அதில், பாஸ் ட்ரம்மை இரண்டு காலாலும் அடிக்கும் டபுள் பெடலில் ஒரு பீட்டுக்கு நான்கு அடி, அதாவது நொடிக்கு 13 அடிக்கு மேல். இரண்டு காலும் ஒரே கனத்தில் விழ வேண்டும். இடது கால் கொஞ்சம் இளைத்தாலும் மைக் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் ட்ரம்மர் சிறு வயதில் மிருதங்கம் கற்றவன். அவனுக்குக் கஷ்டம் கொடுத்தது வேகம் அல்ல, ஏழு எண்ணிக்கையில் வரும் ஒரு ரிஃப், அதாவது கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துண்டு. நான் அதை நான்கும் மூன்றுமாக, 'தகதிமி தகிட' என்று நினைத்து எழுதியிருந்தேன். அவன் கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு பழக்கத்தில் 'தகிட தகதிமி' என்று அடித்துக்கொண்டிருந்தான். ஒன்றரை வருடமாக மேடையில் அப்படித்தான் வாசித்திருக்கிறோம், யாருக்கும் தெரியவில்லை. பதிவில் ஸ்னேர் ட்ரம் ஒவ்வொரு சுற்றிலும் என் ரிஃப்பின் மேல் இடறியது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வாயால் சொல்லிப் பார்த்தபோதுதான் புரிந்தது. கடைசியில் அவன் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ரிஃப்பை மாற்றினேன். அதுதான் நல்லது என்று இன்றும் நினைக்கிறேன்.

வளசரவாக்கத்தில் நாங்கள் எடுத்த ஸ்டுடியோவில் பெரும்பாலும் பக்திப் பாடல்தான் பதிவாகும். அங்கே இருந்த சவுண்டு இன்ஜினியர் அண்ணன் மெட்டல் கேட்டு வளர்ந்தவர் இல்லை. ஆனால் காது இருந்தது. முதல் நாளே ஒன்று சொன்னார்: "தம்பி, ஆம்ப் சத்தத்தை எடுக்கும்போதே கிட்டாரிலிருந்து நேராக வரும் டிஐ சிக்னலையும் தனியாக எடுத்து வச்சுடுவோம்." அது எதற்கு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பிற்பாடு எங்கள் ஆல்பத்தைக் காப்பாற்றியது அந்த ஒரு வாக்கியம்தான்.

நாங்கள் டிராப் சி ட்யூனிங்: வழக்கத்தைவிடக் கம்பிகளைத் தளர்த்தி, அடிக் கம்பியை சி ஸ்வரம் வரை இறக்குவது. கம்பியை இவ்வளவு தளர்த்தும்போது மெல்லிய 10 கேஜ் கம்பி செட் தொளதொளத்துவிடும். பிக்கால் ஓங்கி அடித்தால் அந்த நொடியில் சுருதி ஏறி, பிறகு இறங்கும். ஒரே ரிஃப்பை இரண்டு முறை வாசித்து இடது வலது காதுகளுக்குப் பிரித்து வைக்கும்போது அந்த ஏற்ற இறக்கம் ஒன்றோடொன்று சண்டை போடும். அடிக் கம்பி 56 வரும் கனமான செட் மாற்றி, கழுத்து நெடுகச் சுருதி ஒத்துவரும்படி இன்டொனேஷன் சரிசெய்த பிறகே அது அடங்கியது. சென்னை வியர்வையில் கம்பியின் பளபளப்பு சீக்கிரம் போய்விடும், இரண்டு பாட்டுக்கு ஒரு செட் மாற்றினோம். ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் ட்யூன் செய்தோம். இதில் மட்டும் சோம்பல் கூடவே கூடாது.

எல்லா வாத்தியங்களையும் சேர்த்த முதல் மிக்ஸ் வந்தது. ஒவ்வொரு ரிஃப்பையும் நான்கு அடுக்காக, ஒலியைக் கரகரப்பாக்கும் ஆம்ப்பின் கெயினை முழுக்க ஏற்றி வாசித்திருந்தோம். அடுக்க அடுக்கக் கனம் கூடும் என்பது என் கணக்கு. கேட்டால் தகரக் கூரையில் மழை கொட்டுவது போல ஒரே இரைச்சல். உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசிக்கும் பாம் ம்யூட் எங்கே அடைகிறது, எங்கே திறக்கிறது என்றே தெரியவில்லை. பாஸிஸ்ட் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் கேட்டான்: "மச்சான், இதுல நான் எங்கடா இருக்கேன்?"

அவனும் நானும் 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகாவின் கச்சேரியைப் பார்த்தவர்கள். அங்கே நெஞ்சுக்கூட்டில் இடித்த பாஸ்தான் அவனை அந்த வாத்தியம் வாங்க வைத்தது. அதே மெட்டாலிகாவின் 1988 ஆல்பமான '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' மிக்ஸில் ஜேசன் நியூஸ்டெட்டின் பாஸ் ஏறக்குறையக் காதிலேயே விழாது. அதை எத்தனை இரவு திட்டிப் பேசியிருப்போம்! இப்போது என் கிட்டார்களே அவனைப் புதைத்திருந்தன. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

மறுநாள் அண்ணன் ஒன்றும் பேசாமல் நான்கில் இரண்டு கிட்டாரை ம்யூட் செய்தார். மீதி இரண்டின் டிஐ சிக்னலை மறுபடி ஆம்ப்புக்கு அனுப்பி, கெயினைப் பாதிக்கு மேல் குறைத்து, மைக்கில் திரும்பப் பிடித்தார். இதுதான் ரீஆம்ப்பிங். நான் புதிதாக ஒரு ஸ்வரம்கூட வாசிக்கவில்லை. பிறகு கிட்டாரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்ததை வெட்டினார். தனியாகக் கேட்டால் என் கிட்டார் ஒல்லியாகிவிட்டது, மனசு வலித்தது. பாஸை இரண்டு ட்ராக்காகப் பிரித்தார்: அடிப்பகுதி சுத்தமாக, மேல்பகுதி டிஸ்டார்ஷனோடு. எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டியபோது அறையே கனத்தது. நான் இத்தனை வருடம் என் கிட்டாரின் கனம் என்று நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி அவனுடையது.

பாடகனைப் பற்றி நிறையச் சொல்லலாம். மெட்டலில் வரும் உறுமல் குரலான க்ரௌல் என்பது தொண்டையைக் கிழித்துக் கத்துவது அல்ல. குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் பொய்க்குரல் மடிப்புகளை மூச்சால் அதிர வைப்பது. வலித்தால் தவறாகச் செய்கிறீர்கள், உடனே நிறுத்துங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவனைப் பாட விடவில்லை.

தமிழில் க்ரௌல் செய்தால் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். அதனால் பொருள் அந்த எழுத்துகளைச் சார்ந்து நிற்கும் வரிகளை மாற்றினேன். நீட்டிப் பிடிக்க 'ஆ', 'ஓ' நன்றாக வரும், 'ஈ' நெரியும். ஆனால் தமிழ் எங்களுக்குக் கொடுத்த ஒரு வரம் எதுகை. வரிக் கடைசி இயைபை நம்பி எழுதிய பாட்டுகளில், மூச்சு தீரும் இடத்தில் அந்த ஒலி கரைந்துபோனது. எதுகை வரியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் வருகிறது. மூச்சு முழுசாக இருக்கும்போது, ரிஃப்பின் முதல் அடியோடு சேர்ந்து விழுகிறது. அதிலும் 'வெட்டு', 'கட்டு' என்று ஒற்று இரட்டித்து வரும் சொற்கள் பாம் ம்யூட்டோடு பூட்டிக்கொள்கின்றன. இதைக் கண்டுபிடித்த வாரம் நான்கு பாட்டின் வரிகளைத் திருப்பி எழுதினேன். இந்த ஆல்பத்தில் நான் மிகவும் நேசிக்கும் வேலை அதுதான்.

மிக்ஸுக்கு இறுதி மெருகு கொடுக்கும் மாஸ்டரிங்கில் ஒரே விவாதம், எவ்வளவு சத்தம் என்பது. 2008இல் வந்த மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெட்டிக்' ஆல்பம், சத்தத்தைக் கூட்டுவதற்காக அளவுக்கு மீறி நெருக்கப்பட்டிருக்கிறது என்று ரசிகர்களே புகார் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கும். இப்போது ஸ்ட்ரீமிங் தளங்கள் பாட்டின் சத்தத்தைத் தாங்களே சமன் செய்துவிடுகின்றன. நசுக்கிக் கொடுத்தால் ஸ்னேரின் அடி மழுங்கும், லாபம் ஒன்றும் இல்லை. ட்ரம்ஸ் மூச்சுவிட இடம் வைத்தே முடித்தோம்.

கடைசிப் பிரதி வந்த இரவு ஐந்து பேரும் அதே மொட்டைமாடி அறையில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டோம். மூன்றாவது பாட்டில் கிட்டார் நின்று பாஸ் மட்டும் தொடரும் இடம் ஒன்று உண்டு. அதற்கும் முன்பே, நாங்கள் எல்லோரும் சேர்ந்து வாசிக்கும் முதல் ரிஃப்பிலேயே, பாஸிஸ்ட் என் முழங்காலைப் பிடித்து அழுத்தினான்.

"கேக்குதுடா," என்றான்.