ஆர் உள்ள மாதங்கள்

நோர்வேயின் பெர்கனுக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில் எனக்குப் படி ஏற முடியாமல் போயிற்று. ஏழு மலைகளுக்கு நடுவே இருக்கும் ஊர் இது. வீடுகளைச் சரிவில் அடுக்கி வைத்தது போலிருக்கும். பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு 96 கல்படிகள். முதல் வருடம் கையில் மளிகைப் பையோடு ஏறிய அதே படிகளை இப்போது கம்பியைப் பிடித்துப் பிடித்து, இருபதுக்கு ஒரு தரம் நின்று ஏறினேன். தொடை கனத்தது. இடுப்பெலும்பில் ஓயாத வலி. அப்போது வயது 34. மன்னார்குடிப் பக்கம் வெயிலில் சைக்கிள் மிதித்து வளர்ந்த உடம்புக்கு என்ன வந்தது என்று புரியவில்லை. குளிர் என்று நினைத்தேன். மழை என்று நினைத்தேன். ஊர் ஏக்கமாக இருக்கும் என்றார் என் கணவர். அதுவும் இருந்தது.

மழை என்று சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. 2006 அக்டோபர் 29இல் பிடித்த மழை, ஒரு நாள் விடாமல் 85 நாட்கள் பெய்து 2007 ஜனவரியில்தான் விட்டதாம். டிசம்பர் கடைசியில் காலை ஒன்பதே முக்காலுக்குச் சூரியன் எழுந்து மாலை மூன்றரை வாக்கில் விழுந்துவிடும். மேகம் மூடியிருந்தால் அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

குடும்ப மருத்துவர் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார். வைட்டமின் டி 50க்கு மேல் இருக்க வேண்டும், எனக்கு 19. எலும்பும் தசையும் ஏன் வலிக்கின்றன என்பதற்கு அதுவே காரணம் என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். அக்டோபர் முதல் மார்ச் வரை இங்கே சூரியன் அடிவானத்தை ஒட்டியே போகிறது. தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர்கள் அந்தச் சாய்வில் காற்று மண்டலத்தைத் தாண்டி வருவதில்லை. நம்முடைய தோலுக்குக் கோடையிலும் கூடுதல் நேரம் வெயில் வேண்டும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிர்களைத் தடுத்துவிடும்.

கடைசி வரியைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கோடை முழுவதும் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சூடு உறைத்தது. வெளிச்சமும் இருந்தது. எனக்கு வேண்டியது மட்டும் அந்த வெளிச்சத்தில் இல்லை.

மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆனால் என்னைத் தேற்றியது மாத்திரை மட்டும் இல்லை, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பழக்கமான ஒரு யாழ்ப்பாணத்து அக்காவும்தான். முப்பது வருடங்களுக்கு மேலாக நோர்வேயில் இருக்கிறார். வந்த புதிதில் வடகோடியில், ஃபின்மார்க்கில், மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கே குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் எழுவதே இல்லை. என் கதையைக் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. குளிர்பெட்டியைத் திறந்து ஒரு பச்சைப் போத்தலை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"வெயிலை நம்பி இருக்காதேங்கோ. ஆர் எழுத்து வாற மாசமெல்லாம் நாளுக்கு ஒரு கரண்டி குடிக்கோணும். எங்களுக்கும் இஞ்சத்தைய சனம்தான் சொல்லித் தந்தது."

அதுதான் ட்ரான். ஸ்க்ரை என்று இவர்கள் சொல்லும் காட் மீனின் ஈரலிலிருந்து எடுக்கும் எண்ணெய். நோர்வே மொழியில் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை எல்லா மாதங்களின் பெயரிலும் ஆர் இருக்கிறது. மே, ஜூன், ஜூலை, ஆகஸ்டில் இல்லை. சூரியன் வேலை செய்யும் மாதங்களையும் செய்யாத மாதங்களையும் ஒரே எழுத்தில் பிரித்து வைத்திருக்கிறார்கள்! ஒரு தேக்கரண்டியில் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி இருக்கிறது. முதல் கரண்டி தொண்டையில் இறங்கியபோது கருவாட்டுச் சந்தையே உள்ளே போனது போலிருந்தது. எலுமிச்சை வாசனை சேர்த்ததும் கடையில் உண்டு. என் மகள் அதைத்தான் குடிப்பாள்.

இந்த மீன் ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை பாரன்ட்ஸ் கடலிலிருந்து லொஃபோதன் தீவுகளுக்கு முட்டையிட வரும். அங்கே பிடித்து, உப்புப் போடாமல் மரச் சட்டங்களில் தொங்கவிட்டுக் காயவைத்து, கப்பலில் பெர்கனுக்குக் கொண்டுவந்தார்கள். ஜெர்மானிய வணிகர்கள் 1360 வாக்கிலேயே இங்கே கிட்டங்கி போட்டு அதை வாங்கி, பதிலுக்குத் தானியம் கொடுத்தார்கள். துறைமுகத்தில் வரிசையாக நிற்கும் அந்த மர வீடுகளைப் பார்க்கத்தான் இன்று உலகமே வருகிறது. ஈரலைப் பீப்பாயில் போட்டு அழுகவிட்டு, மேலே மிதக்கும் எண்ணெயை எடுப்பது பழைய முறை. பேட்டர் மொல்லர் என்ற மருந்துக் கடைக்காரர் 1850களில் புது ஈரலை நீராவியில் உருக்கி, குடிக்கக்கூடிய எண்ணெய் எடுத்தார்.

மாத்திரையும் எண்ணெயுமாக மார்ச்சுக்குள் கால் தேறியது. ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஒரு பொருள் உடம்பில் இல்லை என்பதாலேயே நோய் வரும் என்று மனிதர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். இல்லாததை எப்படிப் பார்ப்பது? நான் மருத்துவம் படித்தவள் இல்லை, கணக்கு எழுதுகிறவள். நூலகத்திலும் அருங்காட்சியகங்களிலும் தேட ஆரம்பித்தேன்.

இந்த ஊரே "இருப்பதை"க் கண்ட ஊர். செயின்ட் யோர்கன் தொழுநோய் மருத்துவமனை இன்று அருங்காட்சியகம். குறுகலான மர அறைகள், நடக்கும்போது முனகும் பலகைத் தரை. கடைசி இரண்டு நோயாளிகள் 1946இல்தான் இறந்தார்கள். இதே பெர்கனில் 1873இல் அர்மாவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியை நுண்ணோக்கியில் பார்த்தார். பரம்பரை நோய், சாபம் என்று சொல்லிக்கொண்டிருந்ததற்கு உயிருள்ள ஒரு காரணம் கிடைத்தது. அதே ஹான்சன் பிறகு ஒரு நோயாளிப் பெண்ணின் கண்ணில் சம்மதம் கேட்காமல் நோய்ப்பொருளைக் குத்திச் சோதனை செய்தார். 1880இல் நீதிமன்றம் அவரை மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கியது. கண்டுபிடிப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அந்தப் பெண்ணின் பக்கம் ஒரு தீர்ப்பு வந்தது என்பது எனக்கு நிம்மதியாக இருந்தது.

கிருமிகள் ஒவ்வொன்றாகப் பிடிபட்ட அந்தக் காலத்தில் எந்த நோய்க்கும் கிருமியைத் தேடுவதுதான் வழக்கம். பெரிபெரிக்கும் தேடினார்கள். கால் வீங்கி, மரத்து, நடை போய், கடைசியில் இதயம் நிற்கும் நோய். ஜாவாவில் டச்சுக்காரர்கள் அதற்கான கிருமியைத் தேட ஒரு குழுவையே அனுப்பினார்கள். அதிலிருந்த அய்க்மன் என்ற மருத்துவர் வளர்த்த கோழிகளுக்கும் கால் விழுந்தது. மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் அவை. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவச் சோறு கோழிக்குக் கிடையாது என்று நிறுத்திவிட்டார். தவிட்டோடு கூடிய மலிவு அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன. அப்போதும் அய்க்மன் வெள்ளை அரிசியில் ஏதோ விஷம் "இருக்கிறது" என்றே நினைத்தார். அதில் ஒன்று "இல்லை" என்று 1901இல் சொன்னவர் அவருக்குப் பின் வந்த ஹ்ரெய்ன்ஸ்.

அதே பெரிபெரி நோர்வேயின் கப்பல்களிலும் இருந்தது என்று படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அரிசியே காணாத மாலுமிகளுக்கு அது எப்படி வந்தது? மாதக்கணக்கில் கரை காணாத பாய்மரக் கப்பல்களில் டப்பா இறைச்சியும் வெள்ளை மாவு ரொட்டியும் தின்று கால் வீங்கிச் செத்திருக்கிறார்கள். இங்கே துறைமுகத்தில் ஸ்டாட்ஸ்ரோட் லெம்கூல் என்ற 1914ஆம் வருடத்துக் கப்பல் மூன்று பாய்மரங்களோடு நிற்கும். முன்பெல்லாம் அழகுக்காகப் பார்ப்பேன். இப்போது அதன் அடித்தளத்தில் சாப்பாட்டு மூட்டையில் என்ன வைத்திருப்பார்கள் என்றுதான் யோசனை ஓடுகிறது.

அந்த மாலுமிகளுக்காக ஆராய்ச்சியில் இறங்கியவர் தலைநகரில் இருந்த ஆக்சல் ஹோல்ஸ்ட். கிருமியியல் படித்தவர். ஜாவாவின் பட்டாவியாவுக்கே போய் ஹ்ரெய்ன்ஸின் வேலையைப் பார்த்துவிட்டு வந்தார். புறாக்களிடம் சோதித்துவிட்டு, பாலூட்டி ஒன்று வேண்டும் என்று கினிப் பன்றிகளை எடுத்தார். குழந்தை மருத்துவர் தியோடர் ஃப்ரோலிக்கும் சேர்ந்துகொண்டார். வெறும் தானியமும் ரொட்டியும் தின்ற அந்தப் பிராணிகளுக்குப் பெரிபெரி வரவில்லை. பல் ஈறு வீங்கி, எலும்பு நொறுங்கி, ஸ்கர்வி வந்தது! புது முட்டைக்கோஸ் கொடுத்தால் அது வரவில்லை. 1907இல் இதை வெளியிட்டார்கள். எலியை எடுத்திருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது, ஸ்கர்வியைத் தடுக்கும் வைட்டமின் சியை எலி தன் உடம்பிலேயே செய்துகொள்ளும். மனிதனைப் போலவே அது முடியாத சில பிராணிகளில் ஒன்று தற்செயலாக அவர் கையில் இருந்தது.

ஸ்கர்விக்கு மருந்து மாலுமிகளிடம் முன்பே இருந்ததுதான். 1747இல் சாலிஸ்பரி கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒரு ஜோடிக்கு மட்டும் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துக் குணமாவதைக் காட்டினார். ஆங்கிலக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை எல்லாருக்கும் கொடுக்க 1795 ஆயிற்று. நடுவில் 48 வருடம். அதற்குள் செத்த பையன்களை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

தேடிக்கொண்டே போனபோது என் ஊர் வந்து நின்றது. அதே 1907இல் மலாயாவில் இருந்த பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒன்றை எழுதியிருந்தார். வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள் பெரிபெரியில் சாகிறார்கள், தோட்டங்களில் வேலை செய்யும் தமிழர்களுக்கு அது வருவதில்லை. சீனர்கள் தின்றது வெள்ளைப் பச்சரிசி, தமிழர்கள் தின்றது புழுங்கல். ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அங்கேயே சாலைத் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்துச் சோதித்து அதை உறுதி செய்தார்கள். ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின், அதாவது பெரிபெரியைத் தடுக்கும் வைட்டமின், அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை.

அந்தத் தமிழர்களில் எத்தனையோ பேர் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். தோட்டத்தில் மலேரியா அவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோனது. அரிசி காத்தது ஒரு நோயிலிருந்து மட்டும்தான், அது எனக்குத் தெரியும். ஆனாலும் படித்த அன்று இரவு அப்பாயி நெல் அவிப்பது கண்ணுக்குள்ளேயே நின்றது. முதல் நாளே ஊறிய நெல்லை விடியற்காலையில் அண்டாவில் ஏற்றுவாள். ஆவி கிளம்பும்போது வைக்கோலும் மண்ணும் கலந்த ஒரு வாசனை தெருக்கோடி வரை போகும். ஒரு மணியை எடுத்து நகத்தால் கீறுவாள். உமி வாய் பிளந்திருந்தால் பதம். களத்தில் கொட்டிக் காலாலேயே வரிவரியாகத் துழாவிவிடுவாள். அந்த வரிகளின் மேல் நடந்து நான் அடி வாங்கியிருக்கிறேன். ஏன் அவிக்கிறாய் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால், அவித்தால் நொய்யாகாது, சோறு தாங்கும் என்று சொல்லியிருப்பாள்.

இப்போது அக்கா சொன்ன தமிழ்க் கடையில் புழுங்கல் அரிசி வாங்குகிறேன். மகளின் பள்ளி மதியச் சாப்பாட்டுக்கு ரொட்டி வாங்கும்போது உறையில் உள்ள வட்டத்தைப் பார்க்கிறேன். நாலு பங்காகப் பிரித்த வட்டம் அது. முழுத்தானியம் எவ்வளவோ அவ்வளவு பங்கு நிரம்பியிருக்கும். மூன்று பங்காவது நிரம்பியதைத்தான் எடுப்பேன். 96 படியையும் நிற்காமல் ஏறுகிறேன்.

போன அக்டோபரில் ஒரு காலை, மகள் ட்ரான் கரண்டியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். தமிழ்ப் பள்ளியில் அந்த வாரம்தான் தமிழ் மாதங்கள் படித்திருந்தாள்.

"அம்மா, நாம தமிழ்தானே? சித்திரை, புரட்டாசி, கார்த்திகை, மார்கழி. நாலு மாசத்துலதான் ர வருது. இது ஐப்பசி. இன்னைக்கு வேண்டாம்."

நானும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அவள் கணக்குச் சரிதான். சரி, வாயைத் திற என்றேன்.