தொண்ணூறு சதவீத வெற்றி: எதை எண்ணினார்கள்?

புற்றுநோய்க்காகப் புராஸ்டேட் சுரப்பியை அகற்றிப் பதினான்கு மாதங்களாகியும் எனக்குச் சிறுநீர்க் கசிவு நிற்கவில்லை. இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை ஒருநாளும் விடாமல் செய்தும், இருமினால் நனைகிறது, குனிந்தால் நனைகிறது. செயற்கைச் சுருக்குத்தசை பொருத்தலாம் என்றார் மருத்துவர். சிறுநீர்க்குழாயைச் சுற்றி ஒரு பட்டை, அடிவயிற்றுக்குள் திரவம் நிறைந்த சிறிய பலூன், விதைப்பைக்குள் ஒரு பம்பு. பம்பை அழுத்தினால் பட்டை தளர்ந்து வழிவிடும். சில நிமிடங்களில் தானாகவே இறுகிக்கொள்ளும்.

முதலில் பார்த்த மருத்துவமனையின் துண்டறிக்கையில் 'தொண்ணூறு சதவீத வெற்றி' என்று இருந்தது. பிறகு, பிரிட்டனில் 27 மையங்களில் 380 ஆண்களிடம் இந்தக் கருவியையும் 'ஸ்லிங்' எனப்படும் தாங்குபட்டையையும் ஒப்பிட்டு நடத்தப்பட்டு, 2021இல் வெளியான ஆய்வைப் படித்தேன். ஓராண்டு கழித்தும் கருவி பொருத்தியவர்களில் 84 சதவீதத்தினருக்கும், ஸ்லிங் வைத்தவர்களில் 87 சதவீதத்தினருக்கும் கசிவு இருந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் நிதானமாகப் படித்தபோதுதான் விளங்கியது. அந்த ஆய்வில் ஒரு சொட்டு கசிந்தாலும் கசிவுதான். வேறு பல ஆய்வுகளில் கசிவை உறிஞ்சும் பேட் நாளுக்கு ஒன்று போதுமென்றால் அவர் குணமடைந்தவர். அதே பிரிட்டன் ஆய்வில் கசிவின் தொல்லை இரு பிரிவினருக்கும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது, பெரும்பாலானோர் திருப்தியாகவும் இருந்தார்கள். எதை எண்ணினார்கள் என்று கேட்காமல் எந்தச் சதவீதத்தையும் நம்புவதில்லை என்று அன்று முடிவு செய்தேன்.

என் கணக்கையும் சரியாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சமையலறைத் தராசைத் தொடக்கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் தனியாக ஒன்று வாங்கி, நனைந்த பேட்களை உறையிலிட்டு நிறுத்து, உலர்ந்த எடையைக் கழித்தேன். ஒரு கிராம் என்பது ஏறத்தாழ ஒரு மில்லி. மூன்று நாட்களில் 410, 380, 460. 'நாளுக்கு ஐந்தாறு பேட்' என்று அதுவரை நான் சொல்லிவந்ததில் இந்த விவரம் எதுவுமில்லை. கசிவும் அதிகம், கதிர்வீச்சும் எடுத்தாயிற்று என்பதால் ஸ்லிங் எனக்குப் பொருந்தாது என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறது: காலப்போக்கில் இந்தக் கருவியின் பலன் குறையக்கூடும், மறு அறுவை சிகிச்சை சாதாரணமாகவே தேவைப்படுகிறது. நான் பார்த்த காணொளிகளில் ஒன்றுகூட இதைச் சொல்லவில்லை.

இதுவரை எத்தனை பேருக்குப் பொருத்தினீர்கள், எத்தனை பேருக்கு மறுபடி திறக்க நேர்ந்தது என்று கேட்டதும் ஒரு மருத்துவருக்கு முகம் மாறிவிட்டது. இன்னொருவர் எண்ணிக்கையைச் சொன்னதோடு, மேசை இழுப்பறையிலிருந்து மாதிரிக் கருவியை எடுத்து, "அழுத்திப் பாருங்க சார்" என்று என் கையில் கொடுத்தார். மூட்டுவலியுள்ள என் கட்டைவிரல் மூன்றாவது முயற்சியில்தான் பம்பை அமுக்கியது. அவரிடம் முன்பே பொருத்திக்கொண்ட ஒருவர், தம் சம்மதத்தின்பேரில் என்னுடன் பேசினார். கருவியை அணைக்காமல் யாரும் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றச் செலுத்தும் குழாய்) செலுத்திவிடக் கூடாது என்பதற்காகச் சட்டைப்பையில் எப்போதும் ஓர் அட்டை வைத்திருக்கிறாராம்.

அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. புண் ஆறி, கருவியை இயக்கிவைக்க ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆகும் என்பதால் அதுவரைக்கும் தேவையான பேட்களைச் சேர்த்தே வாங்கி வைத்திருக்கிறேன்.